காட்டில் பேசுபவர் ஒருவர், ஒட்டுக்கேட்பவர் பலர்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து. தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு இருக்கும் ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "சார், எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு சின்னச் சோலை இருக்கிறது. சாயங்கால நேரத்தில் சில நாள் திடீரென்று குருவிகள் எல்லாம் சேர்ந்து கத்தும். கொஞ்ச நேரத்தில் குரங்குகள் கத்தும். அப்புறம் எங்கள் வீட்டு நாய் குரைக்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மண்ணில் சிறுத்தையின் கால்தடம். குருவி சொல்வது குரங்குக்குப் புரியுமா? மிருகங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷை இருக்கிறதா? யானை தரை வழியாகப் பேசும் என்கிறார்களே, அது நிஜமா?"

ஒரு கேள்வி என்று சொல்லி மூன்று கேட்டிருக்கிறார். பொதுப் பாஷை உண்டா என்றால், இல்லை. குருவி சொல்வது குரங்குக்குப் புரியுமா என்றால், புரியும். இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. யானைக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு நேரம் வேண்டும்.

மிருகங்கள் பேசுமா என்று கேட்டவுடன் நம் மனதில் என்ன வருகிறது? ஒருவர் சொல்கிறார், எதிரே இருப்பவர் கேட்கிறார், பதில் சொல்கிறார். காட்டில் அது ஒரு பகுதிதான். அங்கே பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். கேட்கிற பலரில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பேச்சு சொல்லப்பட்டதே இல்லை. ஒட்டுக்கேட்கிறார்கள். பேசுகிற திறமையை வைத்து மிருகங்களை எடை போடுகிறோம். கேட்கிற திறமையை வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும் என்பது என் கட்சி.

உங்கள் சோலைக்கு வருவோம். கொண்டைக்குருவி, பட்டாணிக் குருவி, சிரிப்பான் இவையெல்லாம் அங்கே இருக்கும். பறவைகள் ஆபத்தைச் சொல்வதில் பெரும்பாலும் இரண்டு தினுசு உண்டு. மேலே வல்லூறு பறந்து வந்தால் மெல்லிசாக, உச்ச சுருதியில், இழுத்த மாதிரி ஒரு 'ஸீ...'. கேட்ட மறுகணம் எல்லாம் கப்சிப். அசைவே இருக்காது. இன்னொன்று, பூனையோ பாம்போ ஆந்தையோ சிறுத்தையோ, உட்கார்ந்திருக்கிற அல்லது நடந்து போகிற எதிரியைப் பார்த்தால். அப்போது கரகரப்பாக, வெட்டி வெட்டி, விடாமல் கத்தும். நீங்கள் சாயங்காலம் கேட்பது இந்த இரண்டாவது வகை.

இந்த இரண்டும் ஏன் இப்படி அமைந்தன என்று பீட்டர் மார்லர் என்ற ஆய்வாளர் 1955-இல் விளக்கினார். மெல்லிய 'ஸீ' சத்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்றே தெரியாது. இரண்டு காதுக்கும் வித்தியாசம் பிடிபடாது, அதனால் திசை தெரியாது. வல்லூறுக்கு நம் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் அக்கம்பக்கத்துக்குச் சொல்ல அதுதான் வசதி. கரகரப்புக் குரல் அப்படியில்லை. பல சுருதிகள் கலந்து, துண்டு துண்டாக வருவதால் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் உடனே தெரியும். 'இங்கே இருக்கிறான், எல்லோரும் வாருங்கள்' என்று கூட்டம் சேர்ப்பதற்கு அதுதான் சரி. தேவை ஒன்றாக இருப்பதால் வெவ்வேறு பறவைகளின் குரலும் ஏறக்குறைய ஒன்றுபோல அமைந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பொதுப் பாஷை உண்டாக்கவில்லை.

மீதி பழக்கத்தால் வருவது. ஒரே சோலையில் கூடவே வாழ்கிற குரங்கு, எந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன வருகிறது என்று கற்றுக்கொள்கிறது. நம் ஊர்க் குல்லாய்க் குரங்கை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். உமா ராமகிருஷ்ணன், ரிச்சர்ட் காஸ் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. கருமந்தி என்ற வேறு வகைக் குரங்கின் அபாயக் குரலையும் கடமானின் அபாயக் குரலையும் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் குரங்குகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிறுத்தை எங்கும் இல்லை. ஆனாலும் குரங்குகள் எச்சரிக்கையாகித் தப்பியோடப் பார்த்தன. கடமான் குரலுக்கும் குரங்குக் குரலுக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அது முழுக்கக் கேட்டு வந்த அறிவு.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் மடகாஸ்கர் தீவில் இருக்கும் ஒரு பெரிய ஓணான் வகை, முள்வால் உடும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குரலே கிடையாது. தன் இனத்தோடுகூடச் சத்தம் போட்டுப் பேசாது. ஆனால் பக்கத்து மரத்தில் ஈப்பிடிப்பான் பறவை கழுகைப் பார்த்துக் கத்தினால் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்க்கும். பேசவே தெரியாத பிராணிக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது.

உங்கள் நாய் குரங்கைக் கேட்டுக் குரைத்ததா, காற்றில் சிறுத்தை வாசம் பிடித்துக் குரைத்ததா என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. இரண்டும் நடக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சிறுத்தைக்கு நாய் மிகவும் பிடித்த இரை. அந்த மாதிரி சாயங்காலங்களில் நாயை வெளியே கட்டிப்போடாதீர்கள், உள்ளே விடுங்கள்.

அடுத்து நியாயமாக ஒரு சந்தேகம் வரவேண்டும். சிறுத்தையைப் பார்த்த குரங்கு சத்தம் போடாமல் நழுவிப் போகலாமே, எதற்காகக் கத்தித் தன்னைக் காட்டிக்கொள்கிறது? சொந்தக் குட்டிகளையும் கூட்டத்தையும் காப்பாற்ற என்பது ஒரு பதில், சரியான பதில்தான். ஆனால் அது அந்தச் சிறுத்தைக்கே சொல்லப்படுகிற சேதி என்பது இன்னொரு பதில். 'உன்னைப் பார்த்துவிட்டேன். இனி பதுங்கிப் பயனில்லை.' சிறுத்தையும் புலியும் ஒளிந்திருந்து பாய்கிறவை. மறைவு போனால் வேட்டை போச்சு. ஐவரி கோஸ்ட் நாட்டில் 'தாய்' (Taï) என்ற பெயருள்ள காட்டில் சிறுத்தைகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். குரங்குக் கூட்டம் கத்தத் தொடங்கியதும் சிறுத்தைகள் பதுங்கியிருந்த இடத்தை விட்டு எழுந்து போய்விட்டன. கிளாஸ் சூபர்பியூலர் என்பவரும் கூட்டாளிகளும் 1999-இல் வெளியிட்ட முடிவு அது.

முதுமலையில் கடமானைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். புலியைக் கண்ட கடமான் உடனே ஓடாது. வாலைத் தூக்கி, முன்னங்காலைத் தரையில் தட்டி, புலி இருக்கும் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு 'டாங்க்' என்று அடிக்கும். திரும்பத் திரும்ப அடிக்கும். கடமான் சும்மா கத்தாது என்று காட்டு வழிகாட்டிகள் அதை நம்பி ஜீப்பை நிறுத்துவதும் இதனால்தான். புள்ளிமான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, சருகு சலசலத்தாலும் கத்தும் என்பார்கள். பாருங்கள், நாமும் ஒட்டுக்கேட்பவர் வரிசையில் சேர்ந்துவிட்டோம். யார் சொன்னால் எவ்வளவு நம்பலாம் என்றுகூடக் கணக்கு வைத்திருக்கிறோம்.

செந்நாயிடம் இந்த மிரட்டல் எடுபடாது. அது ஒளிந்திருந்து பாய்வதில்லை, கூட்டமாகத் துரத்தி ஓடவைத்துப் பிடிக்கிறது. பார்த்துவிட்டேன் என்று சொன்னால், பார்த்துக்கொள் என்று போய்க்கொண்டே இருக்கும். அடர்ந்த புதருக்குள் பிரிந்துபோன கூட்டத்தைச் சேர்க்க அது விசில் அடிக்கிறது, ஏறக்குறைய மனிதன் அடிக்கிற மாதிரியே. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970-களில் பக்கத்துப் பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். இந்தியாவில் ஒரு காட்டு வேட்டை விலங்கை அப்படித் தொடர்ந்து பார்த்த இந்திய ஆய்வாளர்களில் அவர் முன்னோடி.

எதிரிக்கே சேதி சொல்வதில் நம் மலையின் பெருந்தேனீயை மறக்கக்கூடாது. குறும்பர்கள் கயிற்று ஏணி கட்டிப் பாறையில் இறங்கி எடுக்கிறார்களே, அந்தத் தேன். அந்தக் கூடு மூடிய பெட்டிக்குள் இல்லை, பாறையில் திறந்தபடி தொங்குகிறது. மேலே தேனீக்கள் போர்வையாகப் படிந்திருக்கும். பெரிய குளவி பக்கத்தில் வந்தால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கும். கூட்டின் மேல் ஒரு அலை ஓடும். குளவி விலகிப் போகும். அதையும் மீறி யாராவது நெருங்கி ஒரு தேனீ கொட்டிவிட்டால் அடுத்த சேதி வாசனையில் போகிறது. கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ எசன்ஸ் மாதிரி ஒரு வாசம் வரும். தேனீயின் அபாய வாசனையில் இருக்கிற முக்கியமான ரசாயனமும் கடையில் விற்கிற அந்த எசன்ஸில் இருப்பதும் ஒன்றேதான். மற்ற தேனீக்களுக்கு அது 'இங்கே கொட்டு' என்ற அடையாளம். அதனால்தான் ஒன்று கொட்டியவுடன் கையை வீசிக்கொண்டு நிற்காமல் அந்த இடத்தை விட்டு ஓடவேண்டும்.

தேனீ நடனத்தைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். கார்ல் வான் ஃபிரிஷ் கண்டுபிடித்து 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பூ இருக்கும் திசை சூரியனுக்கு எவ்வளவு கோணத்தில் இருக்கிறதோ, நேர் மேல்நோக்கிய கோட்டுக்கு அதே கோணத்தில் கூட்டின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு ஓடும். எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தூரம். கண் முன்னே இல்லாத ஒரு இடத்தைப் பற்றித் தகவல் சொல்கிற திறமை மனிதனைத் தவிர மிகச் சில உயிர்களுக்குத்தான் உண்டு. அதில் ஒன்று பூச்சி. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

சரி, கத்துகிற குரங்கு 'ஆபத்து' என்று மட்டும்தான் சொல்கிறதா, 'சிறுத்தை' என்று சொல்கிறதா? இதுதான் பாஷைக் கேள்வியின் உயிர்நாடி. 1980-இல் கென்யாவின் அம்போசெலியில் சேஃபார்த், செனி, மார்லர் மூவரும் வெர்வெட் குரங்குகளை வைத்துப் பார்த்தார்கள். சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல். பதிவு செய்து போட்டுக் காட்டினால், முதல் குரலுக்கு மரமேறின, இரண்டாவதற்கு வானத்தைப் பார்த்தன, மூன்றாவதற்குப் பின்னங்காலில் நின்று புல்லைப் பார்த்தன. எதிரி கண்ணில் படாமலேயே.

குரங்கு பரவாயில்லை, நெருங்கிய சொந்தம். பட்டாணிக் குருவி என்ன பாவம் செய்தது? ஊட்டியிலும் கோத்தகிரியிலும் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிற, கன்னத்தில் வெள்ளைத் திட்டு உள்ள சின்னக் குருவி. அதன் ஜப்பானிய உறவுக்காரக் குருவியை தொஷிதாகா சுசுகி என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார். மரப் பொந்தில் கூடு. காக்கை வந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கிறது. குஞ்சுகள் பொந்தின் அடியில் பம்மிக்கொள்கின்றன, காக்கையின் அலகு எட்டாது. பாம்பு வந்தால் வேறு குரல். குஞ்சுகள் பொந்தை விட்டு வெளியே குதித்துவிடுகின்றன, ஏனென்றால் பாம்பு உள்ளேயே வந்துவிடும். குரல் மாறினால் உயிர் போகும். அவர் 2016-இல் வெளியிட்டது இன்னும் விசேஷம். 'சுற்றிப் பார்' என்ற குரலும் 'கிட்டே வா' என்ற குரலும் அந்த வரிசையில் சேர்ந்து வந்தால் குருவிகள் சுற்றிப் பார்த்துக்கொண்டே கிட்டே வந்தன. அதே இரண்டை இடம் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது என்றால் அதை இலக்கணத்தின் வாசற்படி என்று சொல்லலாம். உள்ளே வந்தாயிற்று என்று நான் சொல்லமாட்டேன்.

ஒட்டுக்கேட்பவர் இருந்தால் பொய் சொல்பவரும் இருக்கத்தானே வேண்டும்? ஆப்பிரிக்காவின் கலஹாரியில் ஒரு கரிச்சான் இருக்கிறது. மீர்கேட் என்ற கீரி மாதிரிப் பிராணி தேள் அல்லது புழுவைத் தோண்டி எடுத்தவுடன், கரிச்சான் 'பருந்து, பருந்து' என்று கத்தும். மீர்கேட் இரையைப் போட்டுவிட்டு வளைக்குள் ஓடும். கரிச்சான் வந்து சாவகாசமாக எடுத்துக்கொண்டு போகும். நம் 'புலி வருது, புலி வருது' கதைதான். ஆனால் கதையில் வருகிற பையனைவிட இது கெட்டிக்காரப் பறவை. ஒரே குரலைத் திரும்பப் போட்டால் ஏமாறமாட்டார்கள் என்று, அடுத்த தடவை வேறு குரலை எடுக்கும். மீர்கேட்டின் அபாயக் குரலையே நகல் செய்து போடும், மற்றப் பறவைகளின் குரலையும் போடும். டாம் ஃபிளவரும் குழுவினரும் 2014-இல் இதை விவரமாகக் காட்டினார்கள். நம் முதுமலையில் இருக்கும் துடுப்புவால் கரிச்சானும் பெரிய மிமிக்ரிக் கலைஞன்தான். இலங்கைக் காடுகளில் பார்த்த வரை, அது ஆபத்து வேளையில் மற்றப் பறவைகளின் அபாயக் குரல்களைத் தன் குரலோடு சேர்த்துக் கொடுக்கிறது.

பேசுவதற்கு விலையும் உண்டு. பனாமா நாட்டில் ஒரு சின்னத் தவளை, பெண்ணைக் கூப்பிட ஒரு குரல் கொடுக்கும். கூடவே 'சக்' என்று ஒன்று சேர்த்தால் பெண்ணுக்கு இன்னும் பிடிக்கும். கஷ்டம் என்னவென்றால், தவளை தின்கிற வௌவாலுக்கும் அந்தச் 'சக்' தான் பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இருக்கிற நடனத் தவளைகளுக்கு வேறு தொல்லை. தண்ணீர் இரைச்சலில் குரல் கேட்காது. அதனால் பாறையில் உட்கார்ந்துகொண்டு பின்னங்காலை நீட்டி நீட்டிக் காட்டும். இந்த வகையில் 14 புதிய இனங்களை 2014-இல் எஸ்.டி. பிஜு குழுவினர் அறிவித்தார்கள்.

புலியின் சேதி வாசனை. மரத்தில் பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்துவிட்டுப் போகும். இதில் சௌகரியம், சொன்னவர் போன பிறகும் சொன்னது அங்கேயே இருக்கும். புதிதாக அடித்த இடத்தில் சாதம் வடித்த மாதிரி வாசம் வருகிறது என்பார்கள். அது கற்பனை இல்லை. பாஸ்மதி அரிசிக்கும் பிரியாணிக்குப் போடுகிற ரம்பை இலைக்கும் மணம் கொடுக்கிற அதே பொருள் அதில் இருப்பதை ஆர்.எல். பிரம்மச்சாரி என்ற வங்காள அறிஞர் கண்டறிந்தார். காட்டுக்குள் எங்காவது பிரியாணி வாசம் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம்.

இப்போது யானை. தரை வழியாகப் பேசுவது நிஜமா என்றீர்கள். முதலில் காற்று வழி. யானைக் கூட்டத்தின் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு உறுமலைக் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அதை வயிற்றுச் சத்தம் என்று எழுதி வைத்தார்கள். நம் ஊர் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டைப் பார்த்து எழுதியே வாழ்ந்த மனிதர். யானைகள் தொண்டைக்குள், மனிதக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கிற ஒரு துடிப்பொலியால் பேசிக்கொள்கின்றன என்று 1972-லேயே குறித்திருக்கிறார். கருவி ஒன்றும் கிடையாது, காதும் கவனமும்தான். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மிருகக்காட்சி சாலையில், திமிங்கிலப் பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்த கேட்டி பெய்ன் என்ற பெண்மணி யானைக் கொட்டடிப் பக்கம் நின்றபோது காற்றில் ஒரு அதிர்வை உடம்பால் உணர்ந்தார். பிறகு பதிவு செய்து வேகமாக ஓட்டிப் பார்த்தால் யானைகள் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆசிய யானைகள்தான், நம் இனம். நொடிக்கு 14 முதல் 24 அதிர்வு, அதாவது 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. 1986-இல் ஆய்வு வெளிவந்தது.

தாழ்ந்த ஒலிக்கு என்ன லாபம் என்றால், மரம் மட்டை இலை எல்லாவற்றையும் தாண்டிப் போகும். அதுவும் சாயங்காலம் தரைப் பக்கம் காற்று குளிர்ந்து மேலே சூடாக இருக்கும்போது ஒலி மேலே தப்பிப்போகாமல் தரையோடு திரும்பி வரும். ஆப்பிரிக்கச் சமவெளியில் அப்படிப்பட்ட வேளைகளில் 10 கிலோமீட்டர் வரைகூட எட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மசினகுடி, மாவனல்லாப் பக்கம் ஒரு கூட்டம் நின்ற இடத்தில் திடீரென்று எல்லாம் ஒரே சமயத்தில் உறைந்து நின்று, பிறகு ஒரே திசையில் நடக்கத் தொடங்குவதைப் பார்த்து, 'மந்திரம் மாதிரி இருக்கிறதே' என்பவர்களுக்கு இது பதிலாக இருக்கலாம்.

தரை வழி என்பது இதன் நீட்சி. அந்த உறுமல் காற்றில் போவதோடு மண்ணிலும் அதிர்வாகப் போகிறது. கெய்ட்லின் ஓகானல் என்பவர் நமீபியாவில் மண்ணில் மட்டும் அந்த அதிர்வைக் கொடுத்துச் சோதித்தார். யானைகள் கவனித்தன. தெரிந்த கூட்டத்தின் அபாயக் குரலுக்கும் தெரியாத யானைகளின் குரலுக்கும் வித்தியாசம் காட்டின என்று 2007-இல் எழுதினார். ஆக, நிஜம். தொலைபேசி மாதிரி ஊர்க்கதை பேசுவதாக வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பாதீர்கள்.

யானைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்று 2024-இல் ஒரு ஆய்வு வந்தது, கென்ய யானைகளின் 469 உறுமல்களைக் கணினியில் பிரித்துப் பார்த்தது. ஒரு யானைக்கென்று சொல்லப்பட்ட குரலைப் போட்டால் அந்த யானை மற்ற குரல்களைவிட வேகமாக வந்தது. தோடர்கள் தங்கள் எருமைகளுக்குத் தனித்தனியாகப் பெயர் வைக்கிறவர்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது. ஆனால் பெயரை யானையே வைத்துக்கொள்கிறது என்பது புதிது.

என் கட்சிக்கு வலுவான சாட்சி இன்னொன்று. அம்போசெலி யானைகளுக்கு மனிதக் குரல்களைப் போட்டுக் காட்டினார்கள், கேரன் மெக்கோம்ப் குழு, 2014. 'அதோ பார், யானைக் கூட்டம் வருகிறது' என்ற ஒரே வாக்கியம். மசாய் இன ஆண்கள் சொன்னால் யானைகள் ஒன்றுசேர்ந்து பின்வாங்கின, ஏனென்றால் ஈட்டி எறிகிறவர்கள் அவர்கள்தான். காம்பா என்ற இன்னொரு இனத்து ஆண்கள் தங்கள் மொழியில் சொன்னபோது அவ்வளவு பயமில்லை. மசாய்ப் பெண்களும் சிறுவர்களும் சொன்னாலும் பயமில்லை. மொழி, வயது, ஆணா பெண்ணா, மூன்றையும் பிரித்துக் கேட்கின்றன. யானை பேசுகிறதா என்று நாம் மைக் வைத்துக்கொண்டு திரிகிறோம், அது நம்மை எப்போதோ கேட்டு வகை பிரித்து வைத்துவிட்டது.

இவ்வளவையும் மொழி என்று சொல்லலாமா? நான் சொல்வதில்லை. குட்டி செத்துப்போன யானை நிற்கிற வீடியோவுக்குக் கீழே 'மகனே, எழுந்திரு' என்று வசனம் போட்டு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதற்குத் துக்கம் இல்லை என்பதற்காக அல்ல. அது என்ன செய்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு நம் வசனத்தைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல்லி சத்தம் போட்டால் சகுனம் பார்ப்பதும் இதே ரகம்தான். அது பக்கத்துச் சுவர்ப் பல்லிக்கு 'இது என் இடம்' என்று சொல்கிறது. நடுவில் நாம் போய், நமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

கேட்பதுதான் முக்கியம் என்றால், கேட்கவிடாமல் செய்வது பெரிய கெடுதல். நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் பட்டாணிக் குருவியின் உறவுக்காரப் பறவை, வாகன இரைச்சல் உள்ள தெருக்களில் சுருதியை உயர்த்திப் பாடுகிறது என்று 2003-இல் கண்டார்கள். சின்னப் பறவை சுருதியை மாற்றிக்கொள்ளலாம். லாரி எஞ்சின் போடுகிற தாழ்ந்த உறுமலும் யானையின் உறுமலும் ஒரே இடத்தில் மோதினால் யானை எங்கே போகும்? முதுமலை தாண்டிப் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனத் தடை 2009-இலிருந்து இருக்கிறது. விலங்குகள் அடிபடக்கூடாது என்றுதான் போட்டார்கள். அந்த ஒன்பது மணி நேர அமைதியும் ஒரு லாபம் என்பது என் கணிப்பு. மலைப்பாதையில் வளைவில் ஹார்ன் அடிப்பதை நான் குறை சொல்லவில்லை, அது அவசியம். காட்டோரத்தில் ஸ்பீக்கர் வைத்து நள்ளிரவு வரை பாட்டுப் போடும் விடுதிகளைத்தான் சொல்கிறேன்.

எல்லா இடத்திலும் வாயை மூடிக்கொண்டு போங்கள் என்றும் அர்த்தமில்லை. உங்கள் ஊரில் கரடி இருக்கிறது. தேயிலைக்குள் பழம் தேடிக் குனிந்திருக்கும் கரடிக்கு நீங்கள் வருவது தெரியாது. திடீரென்று முகத்துக்கு முகம் வந்தால்தான் அது பாய்கிறது. கொழுந்து பறிக்கப் போகிற அக்காக்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறார்களே, அது சரியான வழக்கம். புதர் வழியில் தனியாகப் போனால் நீங்களும் ஏதாவது பேசிக்கொண்டு போங்கள்.

காட்டெருமைக்கு வேறு கணக்கு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இப்போது தெருவிலேயே நிற்கிறது, கொடைக்கானலிலும் அப்படித்தான். ஆண் காட்டெருமைகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு முன், பக்கவாட்டில் திரும்பி நின்று முழு உடம்பையும் காட்டும். 'என் அளவைப் பார்த்துக்கொள்' என்று அர்த்தம். உங்கள் முன்னால் அப்படி நின்றால் போட்டோவுக்கு நிற்பதாக நினைக்காதீர்கள். மூக்கால் சீறினாலோ, தலையைத் தாழ்த்தினாலோ, காலைத் தட்டினாலோ அதற்கு மேல் சொல்ல அதனிடம் ஒன்றும் பாக்கி இல்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி ஓடாமல், மெதுவாகப் பின்னால் நகர்ந்து வந்துவிடுங்கள்.

சரி, அடுத்து கூடலூரிலிருந்து ஒருவர், காட்டுப்பன்றி மரவள்ளித் தோட்டத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டிருக்கிறார். அதற்குப் போவோம்.